ஒரே நாளில் வந்த இரண்டு பிறந்தநாள்

நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு ரிட்டையர்டு தலைமையாசிரியர் மாதிரி பேச உட்கார்ந்துவிட்டாள் என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் நான் கொச்சிக்குப் போய்க் கப்பல் ஏறுகிறேன்; பயணிகள் கப்பலில் இதே பரிமாறும் வேலை. அதற்குள், புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் எதையாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று வாய் துறுதுறுக்கிறது. தட்டை எந்தப் பக்கமிருந்து வைப்பது, எந்தப் பக்கமிருந்து எடுப்பது என்பதையெல்லாம் கேட்டரிங் படிப்பிலேயே உங்கள் தலையில் ஏற்றியிருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன். நம் கடையின் பிறந்தநாள் மேஜைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கே வேலைக்கு வந்த எல்லோரும் தடுமாறியது அங்கேதான்.

கொடைக்கானலில் கிரேக்கச் சாப்பாட்டுக் கடையா என்று வருகிறவர்கள் கேட்பார்கள். முதலாளி சின்ன வயதில் கிரேக்கக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர், அவ்வளவுதான் கதை. நீட்டாதீர்கள். பெயர்களைச் சொல்லிப் பயமுறுத்தவும் வேண்டாம். வெள்ளரிக்காய் போட்ட தயிர்ப் பச்சடி, கத்தரிக்காயும் கொத்துக்கறியும் அடுக்கிச் சுட்டது, தேனில் ஊறிய பருப்பு இனிப்பு என்று சொன்னால் முகம் மலர்ந்துவிடும். பூண்டியிலிருந்து ஒரு விவசாயி, பூண்டுக்கு நல்ல விலை கிடைத்த வருஷம், மகன் பிறந்தநாளுக்குக் குடும்பத்தோடு வந்தார். பச்சடியை ஒரு வாய் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஏதோ குறை என்று பயந்துகொண்டே போனேன். “இதுல போட்டிருக்கது எங்க ஊருப் பூண்டு இல்லீங்களே,” என்றார். மறுவாரம் ஒரு மூட்டை பூண்டு வந்து இறங்கியது. இன்றுவரை அவர் பூண்டுதான்.

பிறந்தநாள் என்றால் நம் கடையில் மண் தட்டு உண்டு. சாப்பாடு முடிந்ததும் பிறந்தநாள்காரர் அதை வாசல் கல்லில் போட்டு உடைக்க வேண்டும். நாம் கைதட்டிப் பாட வேண்டும். நல்ல நாளும் அதுவுமாகப் பாத்திரத்தை உடைப்பதாவது என்று பாதிப்பேர் பின்வாங்குவார்கள். தேங்காய் உடைக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள்; பழனிப் பக்கத்து ஆட்கள் உடனே வாங்கிவிடுவார்கள்.

ஆனால் கேட்காமல் பாடாதீர்கள். நான் சேர்ந்த புதிதில் ஒருவர் தனியாக வந்தார். மடிக்கணினியை வைத்துக்கொண்டு மலையில் வீடு எடுத்துத் தங்கி வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்களே, அந்த ரகம். பில்லுக்குக் காத்திருக்கும்போது, இன்று தன் பிறந்தநாள் என்று சும்மா பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், ஐந்து பேர் சூழ்ந்து நின்று பாடினோம். அடுத்த மேஜைக்காரர்களும் சேர்ந்து தட்டினார்கள். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். வெட்கம் என்று நினைத்து இன்னொரு தடவை பாடினோம். கையை எடுத்தபோதுதான் அழுதிருக்கிறார் என்று தெரிந்தது. ஒருவரிடமாவது சொல்ல வேண்டும் என்றுதான் அவர் சொன்னார்; ஊரைக் கூட்டச் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவர் வரவே இல்லை.

எனக்கு அது புரிந்திருக்க வேண்டும். என் பிறந்தநாள் மே மாதம், சீசனின் நட்டநடுவில் வரும். அன்றைக்கு நான் ஊரார் பிறந்தநாள் மேஜைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன். அய்யம்பாளையத்தில் அம்மா மாங்காய் இறக்குகிற சோலியில் இருப்பாள். ராத்திரி போன் பண்ணி, வெள்ளனே பேச நினைத்தேன், முடியவில்லை என்பாள். பரவாயில்லை. சீசனில் தனிமை அவ்வளவாகத் தெரியாது. ஆவணியில்தான் தெரியும். மூடுபனி வாசல்வரைக்கும் வந்து நிற்கும். பத்து மேஜையில் இரண்டு மேஜைக்கு ஆள் இருக்கும். துடைத்த கண்ணாடி டம்ளர்களையே மறுபடி துடைத்துக்கொண்டிருப்போம்.

அப்படி ஓர் ஆவணி மாதத்தில்தான் கார்த்திகாவை முதலில் பார்த்தேன். இங்கே ஒரு கல்லூரியில் முதலாமாண்டு சேர்ந்து, விடுதியில் இருந்தாள். அப்பாவோடு வந்து பிறந்தநாள் சாப்பாடு சாப்பிட்டாள். அவருக்குப் பழனி அடிவாரத்தில் யாத்ரீகர்கள் தங்கும் லாட்ஜ். அடுத்த சில நாளில் அம்மாவோடு வந்து மறுபடியும் பிறந்தநாள் சாப்பாடு சாப்பிட்டாள். அம்மா மதுரையில் தையல் கடை வைத்திருப்பவர். பிறந்தநாளுக்குத் தரும் இலவச இனிப்புக்காக இரண்டு தடவை பிறக்கிறாயா என்று கேலி செய்தேன். அவள் கோபித்துக்கொள்ளாமல் விளக்கினாள்.

அவளுக்கு ஒன்பது வயதில் பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். பிள்ளையின் பிறந்தநாள் யாருக்கு என்று ஒரு தகராறு. உறவுக்காரர்கள் உட்கார்ந்து பேசித் தீர்ப்புச் சொன்னார்கள்: ஆவணி மாதக் கார்த்திகை நட்சத்திரம் அப்பாவுக்கு, மலைக்கோயிலில் அர்ச்சனை செய்து கூட்டிப்போகட்டும், இங்கிலீஷ் தேதி அம்மாவுக்கு, கேக் வெட்டட்டும். அன்றிலிருந்து இரண்டு பிறந்தநாள். இரண்டும் ஒரே நாளில் வராது என்பதால் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவேண்டிய அவசியமே வரவில்லை. “பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் தேதியும் நட்சத்திரமும் ஒண்ணா வந்து விழும்க்கா. கிரகணம் மாதிரி. அடுத்த வருஷம் எனக்குப் பத்தொம்போது,” என்று சிரித்தாள். அதை அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். நானும் வேடிக்கையாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

இப்போது அடுத்த வருஷ ஆவணிக்கு வாருங்கள். மேஜைகளுக்குப் பொறுப்பானவரைக் கேப்டன் என்கிறோமே, அப்போது இருந்த கேப்டன் அண்ணன் பெருமாள்மலைக்காரர், சீசன் முடிந்துதான் சேர்ந்திருந்தார். கார்த்திகா பிறந்தநாள் என்று ஆறு மணிக்கு ஒரு மேஜையும், அதே பெயரில் ஏழரைக்கு ஒரு மேஜையும் போனில் பதிவாகியிருந்தன. நம் தொழிலில் இது சகஜம். கணவன் ஒரு பக்கம் சொல்வான், மனைவி லாட்ஜ் மூலமாக இன்னொரு தடவை சொல்லுவாள். இரண்டையும் வைத்திருந்தால் ஒரு மேஜை வீணாகக் காலியாகக் கிடக்கும். அதனால் ஒன்றாக்கிவிட்டு, போன் பண்ணி உறுதி செய்துகொள்வோம். கேப்டன் அண்ணனும் அதைத்தான் செய்தார். ஏழரைக்காரருக்குப் போன் பண்ணி, உங்கள் வீட்டில் ஆறு மணிக்கே சொல்லியாயிற்று, அதுவே இருக்கட்டுமா என்று கேட்டார். மகள்தான் நேரத்தை மாற்றியிருக்கிறாள் என்று நினைத்த அம்மா, சரி என்றுவிட்டார்.

நான் பின்வராந்தாவில் மேஜை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் கூஜாவோடு உள்ளே வந்தபோது ஜன்னலோர மேஜையில் கார்த்திகாவின் அப்பா உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி, தோளில் துண்டு, கையில் பிரசாதப் பை. நான் வணக்கம் சொல்வதற்குள் வாசற்கதவு திறந்தது. கேக் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அம்மா நின்றார்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கேப்டன் அண்ணன் வாயெல்லாம் பல்லாகப் போய் வரவேற்றார். “வாங்கம்மா, சார் வந்து ரொம்ப நேரமா பாத்துக்கிட்டு இருக்காரு,” என்று எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த அம்மாள் மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். அந்நிய மனிதர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் உட்கார்ந்தார். கேக் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

கேப்டன் அண்ணனைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

“ஆத்தி. நானே கையப் புடிச்சு ஒக்கார வச்ச மாதிரியில்ல ஆயிப்போச்சு.”

உடனே போய் மன்னிப்புக் கேட்டு, அந்த அம்மாவைத் தோட்டத்துப் பக்கம் வேறு மேஜைக்கு மாற்றிவிடுகிறேன் என்று கிளம்பினார். நான் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். நாம் நம் தவறைச் சரிசெய்கிற அவசரத்தில் இருந்தோம். அந்தப் பெண் வாசலில் வந்து நிற்கும்போது இந்தப் பக்கம் ஒரு மேஜை, அந்தப் பக்கம் ஒரு மேஜை இருந்தால் எந்தப் பக்கம் நடப்பாள்? பத்து வருஷமாக அவளை அந்த இடத்தில் நிறுத்தாமல் இருக்கத்தானே இத்தனை ஏற்பாடும். முதலில் அவளிடம் சொல்ல வேண்டும், அவள் சொல்கிறபடி செய்வோம் என்றேன். நெருக்கடி வரும்போது உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: யாருக்கு வலிக்கும் என்று முதலில் பாருங்கள், பிறகு நாற்காலியைத் தொடுங்கள்.

நேரம் கடத்துவதற்காக ஆர்டர் எடுக்கப் போனேன். கார்த்திகாவின் அப்பா கீரை அடைத்த பேஸ்ட்ரி மட்டும் போதும் என்றார். அந்த அம்மாள் சுட்ட கோழி கேட்டார்.

“கிருத்திகையும் அதுவுமா கோழியா?” என்றார் அவர், மெனுவைப் பார்த்தபடி.

“கிருத்திகை உங்களுக்கு. எனக்கு இன்னைக்குத் தேதி.”

எழுதிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

கார்த்திகா குடையை மடக்கிக்கொண்டு படியேறி வந்தாள். புதுச் சுடிதார். தலையில் அப்பாவுக்காக மல்லிகை, கையில் அம்மாவுக்காக அவர் தைத்துக் கொடுத்த பை. நான் சுற்றி வளைக்கவில்லை. இருவரும் உள்ளே ஒரே மேஜையில் இருக்கிறார்கள், தவறு எங்களுடையது என்று சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். ஆறு மணிக்கு அப்பா, சாப்பிட்டுவிட்டு அவரைப் பஸ் ஏற்றிவிட்டு, ஏழரைக்கு அம்மா. இரண்டு சாப்பாட்டுக்கும் இடம் வேண்டுமென்று மத்தியானம் சாப்பிடவே இல்லையாம். எத்தனை நாளாக யோசித்து வைத்த திட்டம் என்று சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

பிறகு, “சண்டை போடுறாங்களா?” என்று கேட்டாள்.

“கோழிக்காக லேசா.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்வராந்தாவில் ஜன்னலை ஒட்டி நாம் போட்டிருக்கும் பெஞ்சு தெரியுமல்லவா, அதன் ஓரத்தில் நின்று கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். உள்ளே மேஜை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் கேக் பெட்டியை மடியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். அவர் பிரசாதப் பையை நகர்த்தி அதற்கு இடம் விட்டார். அவ்வளவுதான் நடந்தது. கார்த்திகா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உள்ளே வருகிறாயா, இல்லை யாரையாவது வேறு மேஜைக்கு மாற்றட்டுமா என்று கேட்டேன்.

“நான் உள்ள வந்தா ஒருத்தர் எந்திரிச்சுருவாங்கக்கா. விட்டுக்கொடுக்கிறேன்னு சொல்லி எந்திரிப்பாங்க. எனக்காகத்தான் ஒக்காந்திருக்காங்க. நான் வராதவரைக்கும் ஒக்காந்திருப்பாங்க.” பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். “கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்க்கா. நான் ரெண்டு பேரையும் ஒண்ணாப் பாத்து ரொம்ப நாளாச்சு.”

இரண்டு பேருக்கும் ஒரே செய்தியை அனுப்பினாள்: லேப் முடியவில்லை, சாப்பிட ஆரம்பியுங்கள், வந்துவிடுகிறேன்.

எந்தப் பாடத்திலும் இதற்கு விடை இல்லை. வந்தவரை உட்கார வைப்பதுதான் நம் வேலை. இங்கே பிறந்தநாள்காரியைப் பனியில் வெளியே உட்கார வைத்துவிட்டு, ஒருவரை ஒருவர் வேண்டாமென்று போன இருவருக்கு விருந்து வைக்கச் சொல்கிறாள். கேப்டன் அண்ணன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, பிறந்தநாள் பிள்ளையை வாசலில் வைத்துச் சோறு போட்டால் விளங்குமா என்றார். எட்டிப் பார்த்து, அவள் உட்கார்ந்திருந்த விதத்தைக் கண்டதும் தன் கம்பளியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். வராந்தா விளக்கை அணைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். உள்ளேயிருந்து தெரியாமல் இருக்குமே. ஆனால் ஒரு பெண்ணைக் குளிரில், அதுவும் இருட்டில் உட்கார வைக்க மனம் வரவில்லை. எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு நாங்கள் மெதுவாகப் பரிமாறினோம். தினமும் “வெரசா, வெரசா” என்று சமையலறையை விரட்டுகிற கேப்டன் அண்ணன், அன்றைக்குத் தட்டுகளைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி அனுப்பினார். எலுமிச்சை சூப் போனது. அதை எடுக்கும்வரை ரொட்டி போகவில்லை. ரொட்டியும் ஒவ்வொன்றாகத்தான் சுடப்பட்டது. ஒவ்வொரு தடவையும் அதே தட்டில் கொஞ்சம் வராந்தாவுக்கும் போனது. உள்ளே போய் வரும்போதெல்லாம் கார்த்திகா, என்ன பேசுகிறார்கள் என்று கேட்டாள். ஒரு மேஜையின் பேச்சை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது நமக்கு எழுதாத சட்டம். அவர்கள் பேசியது அதிகமில்லை. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டார். லாட்ஜில் கூட்டமா என்று அந்த அம்மாள் கேட்டார். இரண்டுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில். அதையெல்லாம் நான் வெளியே சொல்லவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் சொன்னேன். அவர் ஆலிவ் காயை முழுசாக வாயில் போடப் போனார். அந்த அம்மாள் தலைநிமிராமல், “கொட்டை இருக்கு, பாத்து,” என்றார்.

கார்த்திகா அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். சூப்புக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பனி இறங்கி ஏரிப்பக்கத்து விளக்குகள் ஒன்றுமே தெரியாமல் போய்விட்டது. உள்ளே மூன்றாவது நாற்காலி காலி. வெளியே பெஞ்சில் அவள் ஒருத்தி. நான் நடுவில் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

விடுதிக் கதவு மூடுகிற நேரம் நெருங்கியது. அவள் எழுந்து கம்பளியை மடித்து வைத்தாள். லேப் முடிய நேரமாகும், இன்றைக்கு வர முடியாது, நாளைக்குத் தனித்தனியாகப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுங்கள் என்றாள். நீயே போய் ஒரு நிமிஷம் முகத்தைக் காட்டிவிட்டுப் போயேன் என்று கெஞ்சினேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

பொய் சொல்லத் தயார் செய்துகொண்டு உள்ளே போனேன். தட்டுகள் காலியாகி வெகுநேரமாகியிருந்தது. இரண்டு பேருமே கிளம்புகிற மாதிரி இல்லை. அவர் தோள்துண்டை எடுத்து ஜன்னல் கண்ணாடியை மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தார். மேஜையருகே குனிந்து, கார்த்திகா போன் பண்ணினாள், லேப் இன்னும் முடியவில்லையாம், வர முடியாதாம் என்றேன்.

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. “மூடிக்கிட்டே வருது தாயி. வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. அதான் தொடைச்சு விட்டுக்கிட்டு இருக்கேன்.”

நான் காலித் தட்டுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

“அந்தப் பக்கம் திரும்பாதீங்க,” என்றார் அந்த அம்மாள் அவரிடம், தாழ்ந்த குரலில். “பாத்துட்டோம்னு தெரிஞ்சா எந்திரிச்சுப் போயிருவா.” பிறகு என்னைப் பார்த்தார். “ஏதாச்சும் சாப்பிட்டாளாம்மா?”

“சூப்பும் ரொட்டியும் குடுத்திருக்கோம்மா.”

“காபி கொண்டாங்க. ரெண்டு.”

“அவசரமில்ல தாயி,” என்றார் அவர். “மெதுவாவே கொண்டா.”

வெளியே வந்தேன். கார்த்திகா குடையை விரித்துக்கொண்டு முதல் படியில் நின்றாள். அவர்களுக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லலாமா என்று அந்த நாலு எட்டு நடப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சொன்னால் ஒருவேளை மூன்று பேரும் ஒரு மேஜையில் உட்கார்ந்திருப்பார்களோ என்னவோ. ஒருவேளை அந்த ராத்திரியே உடைந்துபோயிருக்கும். எது நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் நம்மை நம்பிச் சொன்னதை வெளியே விடாமல் வைத்துக்கொண்டு நிற்பதுதான் நம் வேலை என்று அப்போது முடிவு செய்தேன். நீங்கள் வேறு மாதிரி செய்வீர்களோ என்னவோ, யோசித்துப் பாருங்கள்.

“என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள்.

“காபி கேட்டாங்க.”

“ரெண்டு பேருமா?”

“ரெண்டு பேரும்தான்.”

அவள் குடையை மடக்கினாள். வார்டனுக்குப் போன் பண்ணி, வர இன்னும் கொஞ்சம் நேரமாகும் என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தாள்.

நான் சமையலறைக்குப் போனேன். அடுப்பில் பால் கொதித்துத் தயாராக இருந்தது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு, புதிதாக ஒரு பாக்கெட்டை உடைத்து ஊற்றி, தீயைக் குறைத்து வைத்தேன்.